யானை ஒரு நிமிடத்தில் உருவாவதில்லை: வியூக விளையாட்டுகளும் பண்டைய இந்தியப் படைகளும்

படைகளை வைத்து ஆடும் விளையாட்டுகளுள் உலகெங்கும் பரவியது இந்தியாவில் தோன்றிய சதுரங்கம். நான்கு உறுப்புகள் எனப் பொருள்படும் அப்பெயர் தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிக்கும். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதத்தில் இவ்வாட்டம் பற்றிய குறிப்பு உண்டு. அதே நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், ஹர்ஷர் தம் போர்களைத் தொடங்கியபோது 5,000 யானைகளும் 20,000 குதிரைகளும் 50,000 காலாட்களும் வைத்திருந்ததாக எழுதுகிறார். அந்தக் கணக்கில் தேர் இல்லை. பலகையில் தேர் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே களத்தில் அதன் காலம் முடிந்துவந்தது. பிற்காலத்தில் பலகையும் மாறியது. வங்காளிகள் தேரின் இடத்தில் ‘நௌகா’ என்ற படகை நிறுத்தினர். இந்தி பேசுவோரின் பலகையில் ஒட்டகம் நுழைந்தது.

சதுரங்கப் பலகை தன்னை வரலாறு என்று சொல்லிக்கொள்வதில்லை. அதனால் அதன் பிழையை யாரும் பொருட்படுத்துவதும் இல்லை. இன்றைய கணினி வியூக விளையாட்டுகளின் நிலை வேறு. அவை ஆண்டைக் குறிப்பிட்டு ஆட்டத்தைத் தொடங்குகின்றன, நிலப்படம் வரைகின்றன, ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் வரலாற்றுக் குறிப்பு எழுதித் தருகின்றன. மௌரியர் படை எப்படி இருந்திருக்கும் என்ற முதல் மனப்படத்தை மாணவர் பலர் பாடநூலிலிருந்து பெறாமல் இத்தகைய திரையிலிருந்தே பெறுகின்றனர். ஆகவே அப்படை எந்த அளவுக்கு வரலாற்றோடு பொருந்துகிறது என்ற கேள்வி வரலாற்று மாணவருக்கும் உரியது.

இக்கேள்வி பெரும்பாலும் உடையிலும் கருவியிலுமே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. 2004இல் வெளிவந்த ‘ரோம்: டோட்டல் வார்’ இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதன் ஆட்டம் கி.மு. 270இல் தொடங்குகிறது. அப்போது எகிப்தை ஆண்டவர்கள் மாசிடோனிய மரபினரான தாலமி அரசர்கள். அவர்களின் படையின் முதுகெலும்பு நீண்ட ஈட்டி ஏந்திய கிரேக்க முறை அணி. விளையாட்டிலோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாரவோன் காலத் தேர்களும் தலையணிகளும் வந்து நின்றன. இதைப் பொறாத ஆட்டக்காரர்கள் ‘யூரோப்பா பார்பரோரம்’ போன்ற மாற்றுப் பதிப்புகளைத் தாங்களே உருவாக்கினர். தொல்லியல் அறிக்கைகளைப் படித்து, படைப்பிரிவுகளுக்கு அந்தந்த மொழிகளிலேயே பெயரிட்டு, கவசத்தின் வடிவம் வரை திருத்தினர். பாராட்டுக்குரிய உழைப்பு அது. ஆயினும் திருத்தப்பட்டவற்றுள் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவது. ஒரு படை எங்கிருந்து வந்தது, எதைத் தின்றது, யாருக்குக் கட்டுப்பட்டது, போருக்குப் பின் என்ன ஆயிற்று என்பவற்றைத் தீர்மானிப்பது ஆட்டவிதி. வீரனின் தலைப்பாகையைச் சரியாக வரைந்து, ஆட்டவிதியைத் தவறாக வைத்தால் விளைவது வேடம் மட்டுமே.

இந்தியப் படைகளைப் பொறுத்தவரை சிக்கல் சான்றுகளிலேயே தொடங்குகிறது. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸின் படையை எடுத்துக்கொள்ளலாம். அரியன் தரும் கணக்கு 30,000 காலாள், 4,000 குதிரை, 300 தேர், 200 யானை. டயடோரஸ் தருவது 50,000 காலாள், ஏறத்தாழ 3,000 குதிரை, 1,000க்கு மேற்பட்ட தேர், 130 யானை. குர்ட்டியஸ் யானைகளை 85 என்கிறார். புளூட்டார்க் 20,000 காலாளும் 2,000 குதிரையும் என்று நிறுத்திக்கொள்கிறார். நால்வரும் போர் நடந்து ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, முந்தையோர் எழுத்துகளை வைத்து எழுதியவர்கள். நூலில் இந்நான்கு கணக்குகளையும் அருகருகே வைக்கலாம். விளையாட்டில் முடியாது, திரையில் ஏதேனும் ஓர் எண்ணிக்கையில் யானைகள் நின்றாக வேண்டும். அந்த எண்ணைத் தேர்வது வடிவமைப்பாளரின் தொழில்நுட்ப முடிவு போலத் தோன்றினாலும் அது சான்றாய்வு முடிவே.

மகதத்தின் எண்கள் இதைவிடப் பெரியவை. நந்தரிடம் 2,00,000 காலாள் இருந்ததென டயடோரஸ், குர்ட்டியஸ், புளூட்டார்க் மூவரும் ஒரே குரலில் சொல்கின்றனர். யானைகள் மட்டும் 3,000, 4,000, 6,000 என ஆளுக்கு ஆள் மாறுகின்றன. பியாஸ் ஆற்றங்கரையில் மேற்கொண்டு செல்ல மறுத்த மாசிடோனிய வீரர்களின் காதுக்கு எட்டிய செய்தியாக இவை சொல்லப்படுகின்றன என்பதை மறக்கலாகாது. அச்சத்தோடு கேட்ட எண், படைக்கணக்கர் ஏட்டில் எழுதிய எண் ஆகாது. பாடலிபுத்திரத்து அரசனிடம் 6,00,000 காலாள், 30,000 குதிரை, 9,000 யானை இருந்ததாகப் பிளினி எழுதுகிறார். வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் பசுந்தீவனம் உண்ணும். 9,000 யானைக்கு அது 1,350 டன். இத்தனையும் ஓரிடத்தில் திரண்டு ஒரு களத்துக்கு நடந்து செல்லும் படையாக இருந்திருக்க இயலாது. பேரரசு முழுவதும் சிதறியிருந்த யானைகளின் தொகை என்று கொண்டால் அந்த எண்ணுக்கு ஒருவாறு பொருள் கிடைக்கும்.

இரண்டாவது சான்று அர்த்தசாஸ்திரம். ஆர். சாமசாஸ்திரி 1909இல் மைசூரில் பதிப்பித்த நாள் முதல் மௌரியர் படை பற்றிய எல்லாப் பேச்சும் அந்நூலையே சுற்றி வருகிறது. ஆனால் இன்று கிடைக்கும் வடிவில் அது மௌரியர் காலத்துக்குப் பிற்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு, பேட்ரிக் ஒலிவெல்லும் அவ்வாறே கொள்கிறார். மேலும் அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் நூல். எப்படி இருந்தது என்று சொல்லும் ஆவணமன்று. மூன்றாவது சான்று சிற்பம். சாஞ்சிப் பெருந்தூபியின் தெற்கு வாயிலில் புத்தரின் எலும்பெச்சங்களுக்காகக் குசிநகரத்தை அரசர்கள் முற்றுகையிடும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. யானை, குதிரை, தேர், வில்லாளர் அனைவரும் அதில் உண்டு. சித்தரிக்கப்படும் நிகழ்ச்சி புத்தர் மறைந்த காலத்தது. செதுக்கிய கை கி.மு. முதல் நூற்றாண்டினது. சிற்பி தன் காலத்துப் படையையே பார்த்திருப்பான்.

போரஸின் யானை, அர்த்தசாஸ்திரத்தின் அணிவகுப்பு, சாஞ்சியின் உடை ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைத்து ‘பண்டைய இந்தியப் படை’ என்று பெயரிடுவது எளிது. அதில் மூன்று நூற்றாண்டுகள் ஒன்றாக நசுக்கப்படுகின்றன. தாலமியின் வீரனுக்குப் பாரவோன் உடை அணிவித்த பிழையும் இதுவும் ஒரே வகை. எகிப்து மாறவே இல்லை என்ற எண்ணம் அங்கே. இந்தியா மாறவே இல்லை என்ற எண்ணம் இங்கே.

தேர் இந்த எண்ணத்தின் சின்னமாகிவிட்டது. 2022இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டுக்கு வந்த இந்திய விரிவாக்கம், அதுவரை ‘இந்தியர்’ என்று ஒன்றாக இருந்ததைப் பிரித்து வங்காளியர், திராவிடர், கூர்ஜரர் ஆகியோருக்குத் தனியிடம் தந்தது. ஒரு துணைக்கண்டத்தை ஒரே படையாகக் காட்டும் வழக்கத்திலிருந்து விலகிய நல்ல நகர்வு அது. ஆனால் இடைக்கால வங்காளியரின் சிறப்புப் படைப்பிரிவாக அதில் தரப்பட்டது ‘ரதம்’. ஹர்ஷரின் கணக்கிலேயே இடம்பெறாத படையுறுப்பு அவருக்குப் பிற்பட்டோரின் அடையாளமாயிற்று. பழைய நூல்களும் எல்லா இடத்திலும் நான்கென்று எண்ணவில்லை என்பது கருதத்தக்கது. தொல்காப்பியப் புறத்திணையியல் தும்பைத் திணையின் துறைகளைச் சொல்லும்போது தானை, யானை, குதிரை என்ற மூன்றையே வகுத்துக் கூறுகிறது.

தேர் ஏன் மறைந்தது என்பதற்கும் ஜீலம் போரில் ஒரு குறிப்பு உண்டு. குர்ட்டியஸின் விவரிப்பில் ஒவ்வொரு தேரும் அறுவரைச் சுமந்தது: கேடயம் ஏந்தியோர் இருவர், வில்லாளர் இருவர், ஈட்டியும் எறியவல்ல பாகர் இருவர். முந்தைய இரவு பெய்த மழையால் நிலம் சேறாகி, அத்தேர்கள் புதைந்து பயனற்றுப் போயின. அதே சேறு வில்லாளரையும் வீழ்த்தியது. இந்தியக் காலாள் ஆளுயர வில்லை நிலத்தில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி, ஏறத்தாழ மூன்று முழ அம்பை எய்தான் என்றும், அந்த அம்பைத் தாங்கும் கேடயமோ மார்புக்கவசமோ இல்லை என்றும் அரியன் தம் ‘இந்திகா’வில் சொல்கிறார். ஊன்ற முடியாத வழுக்கு நிலத்தில் அவ்வில் பெரும்பாலும் வீண் என்கிறார் குர்ட்டியஸ்.

இவ்விடத்தில் உடைக்கும் விதிக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. ஆளுயர வில்லைத் திரையில் அழகாக வரைந்துவிடலாம். ஆனால் அவ்வில்லாளன் நடந்துகொண்டே எய்ய இயலாது, ஈர நிலத்தில் தடுமாறுவான், ஊன்றி நின்றால் எக்கவசத்தையும் துளைப்பான் என்பவை விதியாக வேண்டும். அப்படி ஆகும்போது ஆட்டக்காரர் மழைநாளில் போருக்கு இறங்கத் தயங்குவார். போரஸின் தோல்வியில் மழைக்கும் பங்குண்டு என்பதை அந்தத் தயக்கம் பாடநூலின் ஒரு வரியைவிட ஆழமாகக் கற்பிக்கும்.

யானை இன்னும் பெரிய சோதனை. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இல் உணவும் பொன்னும் செலுத்தினால் போர்யானை ஒரு நிமிடத்துக்குள் கொட்டிலிலிருந்து வெளிவருகிறது, குதிரை வீரனும் அவ்வாறே வருகிறான். வேறுபாடு விலையில் மட்டும். உண்மையில் போர்யானையைக் கொட்டிலில் வளர்த்தெடுப்பது அரசர்களின் வழக்கமன்று. தாய்யானை ஏறத்தாழ 22 மாதம் கருச்சுமக்கும். கன்று வேலைக்கு ஆக இரு பத்தாண்டுகள் வேண்டும். அதுவரை அதன் தீவனம் வீண்செலவு. ஆகவே காட்டில் வளர்ந்த யானையைப் பிடித்துப் பழக்குவதே முறை. 20 வயது யானையைப் பிடிக்க வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். யானைக்காடுகளைக் காக்கத் தனி அதிகாரியை அது விதிக்கிறது. யானையைக் கொல்பவனுக்கு மரணதண்டனை சொல்கிறது. கலிங்கம், அங்கம் முதலிய கிழக்குப் பகுதி யானைகளை உயர்ந்தவை என்றும், சௌராஷ்டிரம், பஞ்சநதம் பகுதி யானைகளைத் தாழ்ந்தவை என்றும் தரம் பிரிக்கிறது. யானைப்படை வைத்திருப்பது என்றால் காட்டை வைத்திருப்பது என்று பொருள். காட்டை அழித்து வயலாக்கும் அரசே அக்காட்டின் ஒரு பகுதியை அழியாமல் காக்கவும் வேண்டியிருந்தது. இந்தியாவில் அரசுக்கும் யானைக்கும் காட்டுக்கும் இருந்த இவ்வுறவைத் தாமஸ் டிராட்மன் ஒரு தனி நூலாகவே விரித்துள்ளார்.

சில விளையாட்டுகள் இதன் ஓரத்தையேனும் தொட்டிருக்கின்றன. ‘சிவிலைசேஷன் 4’இல் தந்தம் கிடைக்கும் நிலம் கையில் இல்லாதவர் போர்யானை வைத்திருக்க முடியாது. கி.மு. 304இல் தொடங்கும் ‘இம்பரேட்டர்: ரோம்’ விளையாட்டில் யானை ஒரு வணிகப் பொருள், அது கிடைக்கும் மாகாணமோ வணிக வழியோ தேவை. இச்சிறு விதியால் வரலாற்றின் ஒரு பெரும் நிகழ்ச்சிக்குக் காரணம் விளங்குகிறது. ஏறத்தாழ கி.மு. 303இல் செலூக்கஸ் சிந்துவை ஒட்டிய நிலங்களைச் சந்திரகுப்தருக்கு விட்டுக்கொடுத்து 500 யானைகளைப் பெற்றார். நிலம் கொடுத்து விலங்கு வாங்கிய அந்த உடன்படிக்கை, யானை ஒரு நிமிடத்தில் உருவாகும் உலகில் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். கி.மு. 301இல் இப்சஸ் களத்தில் அவர் பக்கம் நின்ற யானைகளைப் புளூட்டார்க் 400 என்றும் டயடோரஸ் 480 என்றும் கூறுகின்றனர். அப்போரின் வெற்றியில் அவற்றின் பங்கு பெரிது.

யானையின் மேல் என்ன இருந்தது என்பதிலும் காலக்கலப்பு உண்டு. பல விளையாட்டுகளில் இந்திய யானை மரக்கோபுரம் சுமந்து வருகிறது. கோபுரம் கிரேக்க அரசர்களின் படைகளில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தென்படுவது. மெகஸ்தனிஸ் வழியாக ஸ்டிராபோ தருவது பாகன் ஒருவன், வில்லாளர் மூவர் என்ற நால்வர் கணக்கு. சாஞ்சிச் சிற்பத்திலோ வீரர்கள் யானையின் முதுகில் கால்பரப்பி அமர்ந்திருக்கின்றனர். இதுபோலவே, வெறிகொண்ட யானையைப் பாகனே உளியும் சுத்தியும் கொண்டு கொல்லும் முறை கார்த்தேஜியரைப் பற்றி லிவி எழுதியது. ‘ரோம்: டோட்டல் வார்’ அதை எல்லா யானைப்படைக்கும் பொதுவிதி ஆக்கியது. ஜீலத்தில் நடந்தது அதுவன்று. பாகர் பலர் வீழ்த்தப்பட்டதும் யானைகள் நட்பும் பகையும் அறியாமல் மிதித்தன. பின்பு களைத்து, பின்னோக்கித் துடுப்பிடும் கப்பல்களைப் போலப் பிளிறியபடி மெல்லப் பின்வாங்கின என்று அரியன் வருணிக்கிறார்.

அடுத்த கேள்வி, வீரன் யார் என்பது. விளையாட்டில் அவனுக்கு ஒரு விலை உண்டு. வேறு எதுவும் இல்லை. மெகஸ்தனிஸ் காட்டும் மௌரியப் படையில் குதிரையும் யானையும் ஆயுதமும் அரசனுடையவை. போர் முடிந்ததும் வீரன் ஆயுதத்தைக் கிடங்கிலும் குதிரையைக் கொட்டிலிலும் திருப்பிக் கொடுக்கிறான். கப்பல், மாட்டுவண்டிப் போக்குவரத்து, காலாள், குதிரை, தேர், யானை என்ற ஆறுக்கும் ஐவர் கொண்ட குழு ஒவ்வொன்று உண்டு. ஆறில் ஒன்று மாட்டுவண்டிகளுக்கு உரியது என்பது கவனிக்க வேண்டியது. எந்த வியூக விளையாட்டிலும் மாட்டுவண்டிக்கு யானைக்கு நிகரான மதிப்பு கிடைப்பதில்லை. அர்த்தசாஸ்திரமோ வேறொரு படத்தைத் தருகிறது. வழிவழி வந்த படை, கூலிப்படை, தொழிற்குழுப் படை, நட்புப்படை, பகைவரிடமிருந்து வந்த படை, காட்டுமக்கள் படை என ஆறு வகையை அது பிரித்து, யாரை எப்போது நம்பலாம் என்று ஆராய்கிறது. யானையோ தேரோ ஒன்றை எதிர்க்க 15 காலாட்களோ 5 குதிரைகளோ வேண்டும் என்ற அதன் கணக்கு விளையாட்டு வடிவமைப்பாளர் எழுதியது போலவே இருக்கிறது. ஆனால் அந்நூலின் உயிர் அக்கணக்கில் இல்லை. நம்பிக்கை பற்றிய கவலையில் இருக்கிறது.

இனி, போருக்குப் பின். அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு, அவர் முடிசூடி எட்டாண்டு ஆனபோது நடந்த கலிங்கப் போரின் விளைவைச் சொல்கிறது: 1,50,000 பேர் நாடுகடத்தப்பட்டனர், 1,00,000 பேர் அங்கே கொல்லப்பட்டனர், அதைப்போலப் பன்மடங்கினர் மடிந்தனர். போரஸின் படைக்கணக்கை ஐயுற்ற அதே கண் இந்த முழு எண்களையும் ஐயுறத்தான் வேண்டும். ஐயத்துக்கு அப்பாற்பட்டது அக்கல்வெட்டு வகுக்கும் வகைமை. கொல்லப்பட்டோருக்கு முன் அது நாடுகடத்தப்பட்டோரை எண்ணுகிறது. தமக்கு ஏதும் நேராவிட்டாலும் உற்றாருக்கும் நண்பருக்கும் நேர்ந்ததால் துன்புற்றோரையும் அது கணக்கில் சேர்க்கிறது.

விளையாட்டில் நாடுகடத்தல் இல்லாமல் இல்லை. ‘ரோம்: டோட்டல் வார்’இல் ஒரு நகரைப் பிடித்ததும் மூன்று வழிகள் வரும்: கைக்கொள்ளுதல், மக்களை அடிமையாக்குதல், கொன்றழித்தல். இரண்டாவதைத் தேர்ந்தால் அந்த மக்கள்தொகை வென்றவரின் மற்ற நகரங்களுக்குப் பகிரப்பட்டு அவை வளரும். அந்த விளையாட்டின் நிலப்படத்தில் கலிங்கம் இல்லை. ஆனால் இந்த விதி வரலாற்றுக்குப் புறம்பானதும் இல்லை. பிறநாட்டு மக்களைக் கொணர்ந்து குடியேற்றி நாட்டைப் பெருக்கலாம் என்று அர்த்தசாஸ்திரமும் சொல்கிறது. சாஸ்திரத்தின் கணக்கேட்டில் 1,50,000 பேர் வரவு. கல்வெட்டு அதே எண்ணை எடுத்துப் பழிப்பக்கத்தில் எழுதியது. வென்ற அரசனே அப்படி எழுதியதுதான் அதன் தனித்தன்மை. ஆனாலும் கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் இந்த 13ஆம் கல்வெட்டு பொறிக்கப்படவில்லை. அவ்விடத்தில் வேறு இரு ஆணைகள் உள்ளன. துயரத்தை ஒப்புக்கொண்ட அரசு, துயருற்றோர் முன் அதைச் சொல்லவில்லை.

விளையாட்டு விளையாட்டாகவே இருக்க வேண்டும், எல்லாவற்றையும் அதில் ஏற்ற முடியாது என்பது நியாயமான மறுப்பு. சதுரங்கம் ஒன்றையும் ஏற்றாமலே பல நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறது. ஆனால் எதை விடுவது என்ற தேர்விலேயே வரலாற்றுப் பார்வை ஒளிந்திருக்கிறது. யானைக்குக் காடு வேண்டும் என்ற ஒரு விதி, வில்லுக்கு உலர்நிலம் வேண்டும் என்ற ஒரு விதி, மாட்டுவண்டி இன்றிப் படை நகராது என்ற ஒரு விதி ஆகிய மூன்றும் ஆட்டத்தைக் கடினமாக்காமல் செறிவாக்கும். நான்காவது, வெற்றித் திரையில் வரும் பட்டியலைப் பற்றியது. வீழ்ந்த எதிரிகள், இழந்த வீரர்கள் என்ற இரு வரிகளுக்குக் கீழே பெயர்க்கப்பட்டோர் என்று மூன்றாவது வரி ஒன்று வேண்டும். அந்த வரியை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று ஆட்டக்காரர் ஒருகணம் நின்று யோசிப்பாராயின், மௌரியர் காலத்தின் ஓர் உண்மையான கேள்வி அவர்முன் வைக்கப்பட்டதாகும். வீரனின் தலைப்பாகை எந்த நூற்றாண்டினது என்ற திருத்தம் அதன்பின் வந்தாலும் தாழ்வில்லை.